கவிழ்த்து வைத்த கசெற்

ஊஷ். ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும், ஊஷ்.

மில்லிக்கனில் என் தங்கை வீட்டு பேஸ்மென்ற்றில் இருந்துதான் அந்தச் சத்தம் வந்தது. தங்கையின் மகள் அபி, யாரோ வீட்டு முற்றத்தில் போட்டு விற்ற பழைய கசெற்றுகளை ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்திருந்தாள். ஒவ்வொன்றாகப் பிளேயரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு படியில் இறங்கியவன் பாதிப் படியிலேயே நின்றுவிட்டேன்.

"மாமா, வட் இஸ் தட்? ரேப் பழுதா?"

"பழுதில்லை. ஆரோ காந்தத்தாலை அழிச்சிருக்கினம். அழிச்ச ஆள் கையை டக்கெண்டு எடுத்துப்போட்டார்."

"யூ கான் ஹியர் தட்? கையைக்கூடவா?"

கேட்கும். அந்தக் கையை எனக்கு வேறெந்தக் கையையும் விட நன்றாகத் தெரியும்.

இப்போது கசெற் திரும்பி வந்திருக்கிறதாம். அபியும் அவளுடைய சிநேகிதர்களும் சின்னக் குழுக்களின் பாட்டுகளை நூறு, இருநூறு என்று கசெற்றில் பதிந்து விற்கிறார்கள். எண்பதுகளின் கடைசியில் வந்த றொக், பொப் அல்பங்களை எல்லோரும் கூடியிருந்து கேட்கும் மாலை ஒன்றை நடத்தப்போகிறார்கள். அன்றைக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்துக்கு நான் இரண்டு பக்கம் எழுதவேண்டுமாம். "மாமா, யூ லிற்றரலி அந்த அல்பம் எல்லாம் உலகத்துக்கு முதலே கேட்டனீங்கள். ஹாப்பியா எழுதுங்கோ." எழுதத் தொடங்கினேன். வந்தது இதுதான். அவளுடைய புத்தகத்துக்கு இது உதவாது என்று மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை.

நான் கனடாவுக்கு வந்தது எண்பத்தேழில். வயது பத்தொன்பது. மிசிசாகாவின் மேற்கு ஓரத்தில், நெடுஞ்சாலைக்கும் வெறும் வயலுக்கும் நடுவே ஒரு கசெற் தொழிற்சாலை. ஸ்காபறோவில் இருந்து மூன்று பஸ். மூன்று கிழமை பழக்கினார்கள். அந்த மூன்று கிழமையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை: குளிர், பசி, யெஸ், நோ. நாலாம் கிழமை ஒரு கண்ணாடி அறைக்குள் இருத்தி, தலையில் ஹெட்போனை மாட்டி, கேள் என்றார்கள். அதுதான் வேலை. கேட்பது.

பெரிய சுருள்களில் பாட்டு அதிவேகத்தில் பதியப்படும். வெட்டப்பட்டு, வெறும் கசெற் கூடுகளுக்குள் சுற்றப்படும். ஒவ்வொரு சுருளிலும் முதல் கசெற்றையும் கடைசிக் கசெற்றையும் எடுத்து என் மேசைக்குக் கொண்டு வருவேன். முதல் பக்கத்தின் முதல் நிமிடம், கடைசி நிமிடம். திருப்பிப் போட்டு இன்னொரு முதல் நிமிடம், இன்னொரு கடைசி நிமிடம். இரைச்சல், தடுமாற்றம், ஒரு காதில் மட்டும் மங்கல், இவற்றைப் பிடிக்கவேண்டும். இன்னொன்றும் உண்டு. இறுக்கிச் சுற்றிய நாடாவில் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பாட்டுத் தொடங்க முன்னரே, அந்தப் பாட்டின் ஆவி போல முதல் சொல் மிக மெல்லியதாகக் கேட்கும். நடக்கப்போவது முன்னமே கேட்டுவிடும். அதைக் கேட்கத் தெரிந்தவன் என்று எனக்கு அங்கே பெயர் இருந்தது. எவ்வளவு பெரிய பகிடி.

உலகம் முழுவதும் பாட்டுக்குத் தலைமயிர் வளர்ந்திருந்த காலம் அது. மேளம் ஒவ்வொன்றும் கோயில் மண்டபத்துக்குள் அடித்தது போல முழங்கும். மாரிகாலத்துக்கு முன் பெரிய அல்பங்கள் வரிசை கட்டி வரும். அவற்றின் பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்கு அவை மனப்பாடம். எங்களுக்கு அவை எண்கள். எண் வாயில் வராததால் நாங்களாக வைத்த பெயர்கள். தோல் சட்டையும் கூந்தலுமாக ஐந்து பேர் நின்ற அட்டை 'அஞ்சு அக்காமார்.' வெறும் கதிரையை மட்டும் படம் பிடித்த அட்டை 'வராத விருந்தாளி.' எண்பத்தொன்பது மாரிக்கு முன் வந்தது மஞ்சள் மழைக்கோட்டோடு ஒரு பெண் பாலத்தில் நிற்கிற அட்டை. அவள் 'மழைக்கோட்டுக்காரி.' எங்கள் தொழிற்சாலையில் இருந்து அவளைப் போல லொறி ஏறியவர் வேறு யாரும் இல்லை.

எல்லா அல்பத்துக்கும் தொடக்கமும் முடிவும் எனக்குத் தெரியும். நடு தெரியாது. இன்றைக்கும் கடையில் மரக்கறி பொறுக்கும்போது மேலே அந்தக் காலத்துப் பாட்டொன்று போனால் முதல் நிமிடம் வரைக்கும் கூடவே முணுமுணுப்பேன். அதற்குப் பிறகு அது எனக்கு யாரோ. என்னுடைய வாழ்க்கையும் அப்படித்தான் ஆகிவிட்டது. தொடக்கம் கேட்டேன், முடிவு கேட்கிறது.

என் மேலதிகாரி ஹெலெனா. போலந்தில் இருந்து வந்தவர், அறுபதை நெருங்கியவர். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கொண்டைக்குள் ஒரு பென்சில். தளர்ந்த நாடாவை அந்தப் பென்சிலால் சுற்றி இறுக்குவார், திரும்பக் கொண்டைக்குள் செருகுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் எதையாவது தவறவிட்டால் மேசையில் இரண்டு தரம் தட்டுவார். "இன்னொருமுறை." அவ்வளவுதான். ஒரு கசெற்றைக் கூடாது என்று அவர் வாயால் சொன்னதே இல்லை. நல்லதென்றால் முதல் பக்கம் மேலே தெரிய வைப்பார். கூடாதென்றால் கவிழ்த்து வைப்பார். அந்த அறையின் முழுச் சட்டமும் அதுதான்.

கவிழ்ந்தவை அழிக்கப்படவேண்டும். வெளியீட்டு நாளுக்கு முன் ஒரு பாட்டும் வாசலைத் தாண்டக்கூடாது என்பதால் வந்த விதி, பிறகு எல்லா நாளுக்கும் விதியாகிவிட்டது. கவிழ்ந்தவற்றை எண்ணிப் பதிவுக் கொப்பியில் எழுதவேண்டும். கொப்பியில் உள்ள எண்ணுக்கும் மேசையில் உள்ள எண்ணுக்கும் வித்தியாசம் வந்தால் கையை எடு, எல்லாவற்றையும் முதலில் இருந்து கேள். பிறகு காந்தப்பெட்டி. கறுப்பு நிறம், ஒரு பாண் அளவு, பொத்தானை அமத்தினால் தேனீக்கூடு போல இரையும். அதன் மேல் கசெற்றை வைத்து வட்டமாகச் சுற்றி, திருப்பி, மறுபடி சுற்றி, பிறகு மெதுவாக, கை முழுநீளம் போகும்வரைக்கும் மெதுவாக, தூக்கி எடுக்கவேண்டும். பொத்தானை விடுவது அதற்குப் பிறகுதான். அவசரப்பட்டு இழுத்தால் காந்தத்தின் கடைசி உதை நாடாவில் தங்கிவிடும். கசெற்றை ஓடவிட்டால், சில்லு சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் அது கேட்கும்.

ஊஷ்.

"மெதுவாக," என்று ஹெலெனா என் முழங்கையைப் பிடித்துத் தானே தூக்கிக் காட்டினார். "அழிப்பதையும் ஒழுங்காகச் செய்."

அழித்த கசெற்றுகள் வாசலடியில் ஒரு மட்டைப்பெட்டிக்குள் போகும். யாரும் எடுக்கலாம். மற்றவர்கள் வானொலிப் பாட்டுப் பதிந்தார்கள். நாங்கள் குரல் பதிந்து ஊருக்கு அனுப்பினோம். பாட்டுக் கசெற்றில் மேலே உள்ள இரண்டு ஓட்டையும் திறந்திருக்கும், அப்படி இருந்தால் பதியாது. ஓட்டைகளின் மேல் செலோரேப் ஒட்டினால் பதியும். பேசி முடித்து, ஒட்டோடு அனுப்பினால், அங்கே இருக்கிறவர்களும் அதிலேயே பேசி அனுப்பலாம். எண்பதுகளின் மிகப் பெரிய அல்பங்கள் யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் அப்படித்தான் போய்ச்சேர்ந்தன. உள்ளே எங்கள் இருமலும் சுகம் விசாரிப்பும்.

சவிரிமுத்து அண்ணை மன்னார்ப் பேசாலை ஆள். படகு எஞ்சின் திருத்துகிறவர், இங்கே பெட்டி கட்டும் பகுதியில் நின்றார். எனக்குப் பதினேழு வயது மூத்தவர். ஒரே அறையில் இருந்தோம், ஒரே பஸ்ஸில் போனோம். மனைவி பிலோமினா ஊரில். கலியாணம் கட்டி எட்டு மாதத்தில் இவர் புறப்பட்டுவிட்டார். பிலோமினாவுக்கு எழுத வராது, பேச வரும்.

பிலோமினாவின் முதல் பதில் மழைக்கோட்டுக்காரியில்தான் வந்தது. அண்ணை அதை அட்டையோடு சேர்த்து அனுப்பியிருந்தார். அறையில் நாங்கள் எல்லோரும் சுற்றி இருந்து கேட்டோம். தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு:

"இஞ்சருங்கோ. உந்த அட்டையிலை நிக்கிற மழைக்கோட்டுக்காரி ஆர்? உவளோடையோ அங்கை குடும்பம் நடத்துறியள்? குடை வாங்கிக் குடுக்கக்கூட வக்கில்லையோ உங்களுக்கு, பாவம் நனையிறாள்."

அறை சிரித்துச் சுருண்டது. அண்ணை முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார். பிறகு அவர் செய்த வேலை: அதே கசெற்றில், அந்தக் குரலுக்கு மேலேயே பேசி, பதில் அனுப்பினார். எங்களில் அப்படிச் செய்யாதவர் இல்லை. குரல் கடிதம் என்றால் வாசித்த கடிதம் மாதிரி என்று நினைத்திருந்தோம். அடுத்ததில் பிலோமினா சண்டை பிடித்தார்.

"என்ரை குரலுக்கு மேலை கதைச்சுப்போட்டியள். இனி நான் ஒட்டை உரிச்சுப்போட்டுத்தான் அனுப்புவன். அப்ப என்ன செய்வியள் பாப்பம்."

அந்தக் கசெற்றும் ஒட்டோடுதான் வந்தது. பிலோமினாவுக்கு மறதியோ, பயமுறுத்தலோ தெரியாது. அதற்கு மேலேயும் அண்ணை பேசினார். கடைசியாக ஒருதரம் மன்னிப்புக் கேட்டுப் பேசி அனுப்பினார்.

தொண்ணூறில் ஊரில் யுத்தம் திரும்பத் தொடங்கியது. தபால் இல்லை. மன்னார்க் கரையில் இருந்து சனம் படகேறி இராமேஸ்வரம் போவதாகக் கதை வந்தது. பிலோமினாவைக் கனடாவுக்கு எடுக்க அண்ணை போட்ட ஸ்பொன்சர் கடிதம் எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. அவர் ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்: "நிக்கச் சொல்லுறதோ, ஏறச் சொல்லுறதோ?" பதில் சொல்ல எனக்கு வயதும் காணாது, ஊரும் வேறு.

ஒரு காலை, பஸ் தரிப்பில், கொழும்பால் வந்து இறங்கிய ஒருவர் அண்ணையின் கையில் ஒரு கசெற்றைத் தந்தார். "பிலோமினா அக்கா தந்தவ. பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறா. கெதியா அனுப்பச் சொன்னவ." மழைக்கோட்டுக்காரி. நான் அன்று முந்திய பஸ்ஸில் போய்விட்டேன். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

வீட்டில் எங்களிடம் பிளேயர் இருந்தது. ஆனால் மாலை வரைக்கும் பொறுக்க அவரால் ஆகவில்லை. என் மேசையில் இருந்த நல்ல மெசினில் மத்தியானம் கேட்கலாம் என்று நினைத்து, கண்ணாடி அறைக்குக் கொண்டு வந்தார். நான் அறையில் இல்லை, சுருளடியில் கசெற் எடுத்துக்கொண்டு நின்றேன். ஹெலெனா ரெலிபோனில், முதுகைக் காட்டிக்கொண்டு. பெட்டிப் பகுதிக்கு மணி அடித்துவிட்டது. அண்ணை கசெற்றை என் மேசை ஓரத்தில் வைத்தார். அச்சடித்த முகம் மேலே தெரிந்தால், தொழிற்சாலைச் சாமானைக் களவெடுத்ததாக யாராவது நினைப்பார்களோ என்று பயந்தார்.

அதனால் கவிழ்த்து வைத்தார்.

அந்தக் கிழமை மழைக்கோட்டுக்காரி அல்பத்தின் இன்னொரு பாட்டு வானொலியில் ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. கடைகளில் அவள் விற்று முடிந்துவிட்டாள். மறுபடி பதிந்துகொண்டிருந்தோம். மத்தியானத்துக்கு முன் லொறி போகவேண்டும். நான் திரும்பி வந்தேன். மேசையில் அவளுடைய கசெற்றுகள் கவிழ்ந்து கிடந்தன. கொப்பியில் நான் எழுதியது ஆறு. எண்ணினேன். ஏழு.

கையை எடு. எல்லாவற்றையும் முதலில் இருந்து கேள்.

லொறிக்காரர் வாசலில் ஹோன் அடித்தார். நான் ஆறின் மேல் ஏழை எழுதினேன். ஏழாவது கசெற்றில் ஒட்டு இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். ஒட்டில்லை. இந்தமுறை பிலோமினா சொன்னதைச் செய்திருந்தார். தன் குரலுக்கு மேல் யாரும் பேசக்கூடாது என்று உரித்துவிட்டிருந்தார். ஓட்டை திறந்திருந்தால் எந்தப் பிளேயரும் அந்தக் குரலைத் தொடாது. காந்தப்பெட்டி ஓட்டை பார்ப்பதில்லை.

ஏழு கசெற்றையும் அழித்தேன். கடைசியாக எடுத்தது அந்த ஏழாவது. கை முழுநீளம் போகவில்லை. இழுத்துப் பெட்டிக்குள் எறிந்துவிட்டு ஓடினேன்.

மத்தியானம் அண்ணை சோற்றுப் பெட்டியைக்கூடத் திறக்காமல் வந்தார். "தம்பி, இஞ்சை ஒண்டு வைச்சனான். கவுட்டு வைச்சனான்."

அவரை மெசினடியிலேயே நிற்கச் சொன்னேன். வாசலடிப் பெட்டிக்குப் போய்த் தேடினேன். ஏழும் ஒரே மாதிரி. ஒன்றின் மூலையில் மட்டும் பிலோமினா ஊசியால் கீறிய சின்னச் சிலுவை இருந்தது. காலையில் ஒருதரம் திருப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மெசினில் போட்டோம். ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவர் காதில் பிடித்தார், மறுபக்கம் எனக்கு. தொண்டைச் செருமலுக்குக் காத்திருந்தார். அவருடைய மூக்கின் நுனியில் வியர்வை.

ஊஷ். ஊஷ்.

திருப்பிப் போட்டார். அதே. முதலில் சிரித்தார். "உவள் பட்டன் அமத்தேல்லை. பதியிறதெண்டா ரெண்டு பட்டனையும் சேத்து அமத்தோணும். மறந்துபோனாள், என்ன?"

"இருக்கும், அண்ணை," என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சிறிய பொய் அது. மிகப் பெரியதும்.

ஹெலெனா வந்தார். கையை நீட்டினார். ஹெட்போனை வாங்கி, நின்றபடியே ஐந்து விநாடி கேட்டார். பிறகு கொப்பியைப் பார்த்தார், ஆறின் மேல் ஏறி இருந்த ஏழை. பிறகு என் வலது கையைப் பார்த்தார். கசெற்றை வெளியே எடுத்து, முதல் பக்கம் மேலே தெரிய, அண்ணைக்கு முன்னால் வைத்தார். அந்த அறையின் சட்டப்படி அது நல்ல கசெற். மறுநாளில் இருந்து காந்தப்பெட்டியை அவரே இயக்கினார். ஓய்வு பெற்றுப் போகும்வரைக்கும் என்னோடு அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. ஏசியிருந்தால் நான் அன்றைக்கே சொல்லியிருப்பேனோ என்று யோசித்திருக்கிறேன். அதுவும் இன்னொருவரில் பழியைப் போடுகிற யோசனைதான்.

அந்த நாட்களில் அண்ணை பட்டனை விட்டுவிட்டுக் கோபத்துக்கு வந்தார். "முந்தி ரெண்டுதரம் ஒழுங்காப் பதிஞ்சவள். இப்ப மட்டும் மறப்பாளோ? கடிதம் சுணங்குதெண்டு எனக்கு வெறும் கசெற் அனுப்பியிருக்கிறாள். வெறும் கசெற்றுக்கு என்ன பதில் சொல்லுறது?" பஸ்ஸில் இப்படிச் சொல்லி யன்னலால் வெளியே பார்ப்பார். இரண்டு பேர் கொழும்புக்குப் போகவிருந்தார்கள். அவர்களிடம் ஒரு சொல் கொடுத்துவிட்டிருக்கலாம். கொடுக்கவில்லை. கோபக்காரனின் மனைவி காத்திருக்கட்டும் என்று நினைத்தார். நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். ஸ்காபறோ வரைக்கும் மூன்று பஸ், ஒவ்வொரு நாளும், பக்கத்து இருக்கையில் இருந்தேன்.

ஐந்து கிழமை கழித்து, ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்த நேரம் ரெலிபோன் வந்தது. இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில், மண்டபம் அகதி முகாமில் இருந்து பேசினார்கள். பிலோமினா ஏறிய படகு கரை சேரவில்லை. அண்ணை சப்பாத்தைக் கழற்றாமலே கட்டிலில் இருந்தார். 

"காத்துக்கொண்டிருக்கிறா எண்டெல்லோ அவன் சொன்னவன். என்னத்துக்குக் காத்தவள்?"

பிலோமினா அதில் நிற்கவா, ஏறவா என்று கேட்டிருக்கலாம். இல்லை, மழைக்கோட்டுக்காரியைப் பற்றி இன்னொரு பகிடி விட்டிருக்கலாம். ஆலயமணியைப் பதிந்து அனுப்பியிருக்கலாம். முப்பத்தைந்து வருடமாக அந்தக் கசெற்றை நான் என் தலைக்குள் ஓடவிட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொருமுறையும் வேறொன்றைப் பேசுகிறார். எல்லாவற்றுக்கும் உலகத்தில் ஒரேயொரு சாட்சி, கேட்பதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒருவன். அவன் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குப் பொறுமையில்லை. சீடி வந்தது, கசெற் போனது, தொழிற்சாலை மூடியது. நாங்கள் இருவரும் பிறம்ரனில் ஒரு பெரிய களஞ்சியத்துக்குப் போனோம். சீடி அடுக்கினோம், பிறகு சீடியும் போக, காலணி அடுக்கினோம். அண்ணை திரும்பக் கலியாணம் செய்யவில்லை. எனக்குக் காது பழுதாகி, போன வருடம் வயது வரமுன்னரே ஓய்வெடுத்தேன். வலது காதில் விடாமல் ஒரு சத்தம். வைத்தியர் என்ன மாதிரிச் சத்தம் என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை என்றேன். அதுவும் பொய்.

போன மாதம் அண்ணை கூப்பிட்டார். சிறுநீரகம் பழுது, தனியே இருக்க இயலாது, மொன்றியலில் தன் தங்கை வீட்டோடு போய்விடப்போகிறார். "போறதுக்கு முதல் ஒருக்கா வந்திட்டுப் போ. உன்ரை மருமோளுக்கும் ஒரு வேலை இருக்கு."

அவருடைய முதியோர் குடியிருப்பு அறையில் பெட்டிகள் கட்டியாகிவிட்டன. அந்தக் காலத்துக் கை மாதிரியே, மூலைகளில் இரட்டைப் பட்டி. மேசையில் பிளேயர் மட்டும் கட்டாமல் இருந்தது. பக்கத்தில் அந்தக் கசெற், ஊசிச் சிலுவையோடு.

"இரு. தேத்தண்ணி போடேலாது, பானை பெட்டிக்குள்ளை போட்டுது," என்றார். "உவள் பிள்ளை அபி பழைய ரேப் எல்லாம் திருத்துறாளாமே?"

"ஓம் அண்ணை."

"திருத்தத் தேவையில்லை. இதை அப்பிடியே இன்னொரு கசெற்றிலை எடுத்துத் தரச் சொல்லு. தேயுது."

"என்ன தேயுது?"

அவர் பொத்தானை அமத்தினார். ஊஷ். ஊஷ். அவருடைய தலை மெல்ல ஆடியது.

"கடல்," என்றார். "ஆரம்பத்திலை நான் கோவம் எண்டு நினைச்சன். விசரன். பேசாலைக் கரையிலை கொண்டுபோய் மெசினை வைச்சிட்டு இருந்திருக்கிறாள். கதைக்க ஏலாமல் இருந்திருக்கும். அலையை மட்டும் அனுப்பியிருக்கிறாள். நான் ஏறப்போறன் எண்டு அதாலை சொல்லியிருக்கிறாள், எனக்குத்தான் விளங்கேல்லை. ஒவ்வொரு நாளும் கேக்கிறனான் தம்பி. நித்திரை வரும்."

நான் சொல்லாமல் வந்திருக்கலாம். கசெற்றை வாங்கிக்கொண்டு போய், என் கையின் அவசரத்தை இன்னொரு நாடாவில் துலக்கமாகப் பதிந்து, அவருக்குத் தந்திருக்கலாம். அவர் அதோடு மொன்றியலில் நித்திரை கொண்டிருப்பார். இரக்கம் என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கலாம். ஆனால் அதைப் பிரதி எடு என்று அவர் நீட்டியபோது என் கை போகவில்லை.

"அண்ணை, உது கடல் இல்லை."

"பின்னை?"

"என்ரை கை."

சொன்னேன். கவிழ்த்து வைத்தால் என்ன அர்த்தம் என்பது. ஆறு, ஏழு. லொறி. இழுத்த கை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சுற்றிக்கொண்டிருந்த இரண்டு சின்னச் சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.   பக்கம் முடிந்து பொத்தான் தானாக மேலெழும்பியது. அவர் திருப்பிப் போட்டு மறுபடி அமத்தினார்.

"அப்ப அவள் கதைச்சிருக்கிறாள்."

"ஓம் அண்ணை."

"என்ன கதைச்சவள்?"

"தெரியாது அண்ணை. நான் கேக்கேல்லை."

அவர் விரல்கள் பிளேயரின் மூடியின் மேல் இருந்தன. ஒருமுறை தட்டியது ஒரு விரல். இன்னொருமுறை தட்டும் என்று காத்திருந்தேன். தட்டவில்லை. வெளியே நடைபாதையில் யாரோ நடக்க உதவும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் எழும்பினேன். பெட்டிகளுக்கு நடுவே வாசல்வரை நாலு அடி. கதவுப் பிடியில் கை வைத்து, எப்போதும் சொல்வதையே சொன்னேன்.

"போட்டு வாறன், அண்ணை."

ஓம், மெல்லப் போ என்பார் எப்போதும். இந்தமுறை அவர் திரும்பவில்லை. பிளேயர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒருக்காக் கேட்டிட்டு அழிச்சிருக்கலாம், தம்பி."